அடுப்படியில் முளைத்த தனிப்பத்தி

சுண்டுவிரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு.

பங்குனி மாதத்து மத்தியானம். மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக் கொல்லையில், பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றைப் பாதியாக அறுத்து மண்ணில் இறக்கி வைத்திருந்தோம். அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். தொட்டியின் அடியில் சேறு. சேற்றுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர். நடுவில் கட்டைவிரல் பருமனில் ஒரு குருத்து. காற்று துளியும் இல்லை. பக்கத்து மாமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. அந்தக் குருத்து மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அதில் ஊற்றியது குழாய்த் தண்ணீர். கோடை வந்துவிட்டால் மூன்று நாளைக்கு ஒரு தரம் வருகிற தண்ணீர். அதே தண்ணீரில்தான் எங்கள் வீட்டில் சோறு பொங்குகிறது. அதற்கு நான் தனியாக உப்புப் போட்டுத்தான் தீர வேண்டியிருக்கிறது.

இன்னொரு முறை விரலை நனைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, கடல்தான். எழுந்து உள்ளே போய் வாய் கொப்பளித்தேன். அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம், ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்த காலத்தில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "இத்தனை வருஷம் தீவில் இருக்கிறீர்களே, பேய் பிசாசு எதையாவது பார்த்ததுண்டா?" என்று கேட்டிருக்கிறார். கப்பல் ரத்தான நாளில் கவுண்டருக்கு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தவளுக்குப் பேயெல்லாம் எம்மாத்திரம்? பேயைப் பார்த்ததில்லை, அம்மா. ஆனால் ஒரு செடியைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

அதை எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். துணிச்சல் வந்ததற்கு ஒரே காரணம்தான். எங்கள் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி மட்டுமே. நான் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள். என் வீட்டுக்காரரும் அவர் தங்கையும் இங்கேயே பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். வாய் நிறையத் தமிழ் பேசுவார்கள். எழுத்தைக் காட்டினால் கையெழுத்துப் போட இடம் எங்கே என்பார்கள். பெயர்களையும் மாற்றிவிட்டேன். உங்களில் யாராவது மரைன் ஹில் பக்கம் வந்தால் புண்ணியமாகப் போகும், வாயைத் திறக்காதீர்கள்.

வசந்தா

என் வீட்டுக்காரர் சண்முகம், ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே தங்கை வசந்தா. என் நாத்தனார். அவளைச் சிப்பிகாட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை துரை, கொத்தனார். ரோட்டுக்குக் கீழே வயல், வயலை ஒட்டித் தகரக் கூரை போட்ட வீடு, பின்னால் பத்துப் பன்னிரண்டு தென்னை. நல்லபடியாகத்தான் இருந்தார்கள்.

அந்த அலை வந்த வருஷம் துரை அண்ணன் கட்டட வேலைக்கென்று கார் நிக்கோபாருக்குப் போயிருந்தார். கப்பல் டிக்கெட்டை வாங்க என் கவுண்டருக்குத்தான் வந்தார். "ஜன்னல் பக்கமா போட்டுக் குடும்மா" என்று கேலி செய்தார். கப்பலின் அடித்தட்டில் இருக்கிற பங்க் கிளாசுக்கு ஏது ஜன்னல்! சிரித்துக்கொண்டே டிக்கெட்டை நீட்டியது என் கைதான்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் பூமி ஆடியது. அவர் போனவர் போனவர்தான். உடம்பு கிடைக்கவில்லை. கூட வேலை செய்த ஒருவரும் திரும்பி வந்து பார்த்தேன் என்று சொல்லவில்லை. அதே காலையில் சிப்பிகாட்டில் நிலம் தாழ்ந்து, ஓடை வழியாகக் கடல் வயலுக்குள் வந்தது. வந்த தண்ணீர் திரும்பிப் போகவே இல்லை. இப்போதும் அங்கேதான் நிற்கிறது. ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பார்த்தால் தெரியும். ஏரி மாதிரி இருக்கும். அது ஏரி இல்லை. பல பேருடைய வயல்.

வசந்தா கைக்குழந்தை செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். தாலியைக் கழற்றவில்லை. பொட்டை அழிக்கவில்லை. காரியம் செய்யவும் விடவில்லை. "பாத்தது யாரு? பாத்தவங்க வந்து சொல்லட்டும்" என்றாள். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று பார்த்தோம். செல்விக்குக் கல்யாண வயதே வந்துவிட்டது.

அடுப்பு இருந்த இடம்

ஒவ்வொரு வருஷமும் அலை வந்த அதே நாளில் ஊரே கடற்கரையில் விளக்கேற்றும். வசந்தா அங்கே வரமாட்டாள். சிப்பிகாட்டுக்குப் போய், கடல் வற்றுகிற நேரம் பார்த்துத் தன் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். தனியாக விட மனசு வராமல் நானும் கூடப் போவேன்.

வீடு என்று சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் வடிந்தால் சிமெண்டுத் தரை தெரியும். வாசல்படி தெரியும். செத்துப்போன தென்னைகள் தலையில்லாமல் நிற்கும். வேறு சத்தமே இருக்காது. பட்சிகள்கூட அந்த மரங்களில் உட்காருவதில்லை என்று எனக்குத் தோன்றும்.

செல்விக்குக் கல்யாண வயது வந்த அந்த வருஷம் முழங்கால் சேற்றில் இறங்கி நடந்தோம். ரோட்டில் சைக்கிளை நிறுத்திய ஒருவன், "அரே அம்மா, உதர் மத் ஜாவ்! மகர் ஹை!" என்று கத்தினான். முதலை இருக்கிறது, போகாதே என்கிறான். அலைக்குப் பிறகு உப்புத்தண்ணீர் முதலைகள் இந்த வயல்களுக்கு வந்துவிட்டன. வசந்தா திரும்பியே பார்க்கவில்லை.

வாசல்படி தாண்டி, கூடம் தாண்டி, அடுப்படிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணி... இங்க வாங்களேன்."

அடுப்பு இருந்த மூலையில் தரை பிளந்திருந்தது. அந்தப் பிளவிலிருந்து ஒரு தனிப்பத்தி எழும்பி நின்றது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தனிப்பத்தி என்பது எங்கள் ஓடைகளில் தானாக வளருகிற ஒரு பனை. பனை என்றாலும் மேலே மரமாக நிற்காது. அதன் தண்டு சேற்றுக்குள் படுத்துக் கிடக்கும். வெளியே தெரிவது ஓலை மட்டும்தான், தென்னை ஓலை போல நெடுநெடுவென்று. அந்தக் காலத்துத் தீவு வீடுகளுக்கெல்லாம் அதுதான் கூரை. அதன் காய் தண்ணீரில் மிதக்கும்போதே முளைவிட்டுவிடும். மிதந்து போய் எங்கே தட்டுகிறதோ அங்கே வேர் பிடிக்கும்.

அப்படி மிதந்து வந்த காய் ஒன்று ஊன்றிக்கொண்டது, அவ்வளவுதான். மூளைக்கு அது தெரிகிறது. ஆனால் சுவர் இல்லாத அந்த வீட்டில், அடுப்படியில், அடுப்பு இருந்த இடத்திலேயே அது ஓலை விரித்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. யாரோ உள்ளே குடிவந்துவிட்டார்கள், நாங்கள்தான் கேட்காமல் நுழைந்துவிட்டோம் என்கிற மாதிரி இருந்தது.

அதன் காலடியில் இன்னொரு காய் செருகிக்கொண்டு கிடந்தது. பழுப்பு நிறம், கூர்மையான முனை, ஒரு விரல் நீளம் முளை. வசந்தா குனிந்து எடுத்தாள்.

"சூலாவுக்குப் பக்கத்துல கெடக்குது அண்ணி. வீட்டுக்குக் கொண்டுபோறேன்." அடுப்பை அவள் சூலா என்றுதான் சொல்வாள்.

"மேட்டுல இது வராதுடி. ஓடையில ஏத்தமும் வத்தமும் பாத்து வளர்றது. நம்ம வீட்டுல குடிக்கவே தண்ணி இல்ல."

"வந்தா வரட்டும். வரலேன்னா போகட்டும்."

கையோடு கொண்டுவந்த அரிசிச் சாக்கில் அடுப்படிச் சேற்றை அள்ளி நிரப்பினாள். பஸ்ஸில் அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு சொல்

தை பிறந்ததும் செல்விக்கு வரன் வந்தது. பரமக்குடிப் பக்கம் சொந்த ஊர், பையன் சென்னையில் வேலை. செல்வியைப் படத்தில் பார்த்தே பிடித்துப்போயிற்று. அவளுக்கும் பிடித்தது, அவர்கள் போனில் பேசிச் சிரிக்கிற சத்தத்தில் எங்களுக்கும் பிடித்துப்போனது. எல்லாம் கூடிவரும்போது பையனின் அம்மா போன் செய்தார்.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீக. பத்திரிகையில பொண்ணோட அப்பா பேரை வெறுமனே போட்டா, மாப்பிள்ளைக்கு மாமனார் எங்கேன்னு மண்டபமே கேக்கும். ஓடிப்போயிட்டாருன்னு பேசுவாக. பேருக்கு முன்னாடி தெய்வத்திருன்னு ஒரு வார்த்தை போட்டுட்டா கௌரவமா இருக்கும். அதுக்கு ஒத்துக்கிட்டா மேற்கொண்டு பேசுவோம்."

அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கஷ்டம். சண்முகம் தங்கையிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னார். வசந்தா தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காய் மண்ணைப் பிடித்து அப்போதுதான் குருத்துவிட்டிருந்தது. கீரையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் குருத்தைக் காட்டினாள்.

"இது பட்டுப்போனா போட்டுக்குங்க அண்ணே. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இது நின்னுச்சுன்னா அவரு இருக்காருன்னு அர்த்தம். அப்ப போடக் கூடாது."

சண்முகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே வந்து என் காதில், "கிஸ்ஸா கதம், கதை முடிஞ்சுது. ஒரு மாசம் தாங்காது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மேட்டு வீடு, மொட்டை வெயில், குழாய்த் தண்ணீர். ஒரு செடி சாவதற்காக வீடே காத்திருந்தோம். அப்படிக் காத்திருப்பது எவ்வளவு அசிங்கமான வேலை என்று அப்போது உறைக்கவில்லை.

மாசி போனது. பங்குனி வந்தது. குருத்து பிரிந்து ஓலையானது. அடுத்த குருத்து வந்தது.

மத்தியானச் சத்தம்

அந்தக் கோடையில் எங்கள் கொல்லை கொல்லையாகவே இல்லை.

மத்தியானம் வீடு அடங்கிக் கிடக்கும்போது தொட்டிக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டக்'. முதலில் நான் மாங்காய் விழுகிறது என்று நினைத்தேன். வசந்தா கை வேலையை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். துரை அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தேங்காய் உரிக்குமுன் அரிவாளின் முதுகால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பார். இதே சத்தம்தான். அவள் சொல்லவில்லை, எனக்கே ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்றிருந்தது.

சண்முகம் தொட்டிக்குள் கையைவிட்டுத் துழாவி ஒரு சின்ன இறாலை எடுத்துக் காட்டினார். "இதோ, இதுதான் உன் பூதம். சேத்தோட வந்திருக்கு. கொடுக்கைச் சொடுக்குது." இறாலை வாளியில் போட்டுக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு வந்தார். அன்று மத்தியானமே மறுபடி 'டக்' கேட்டது. "இன்னொண்ணு இருக்கும்" என்றார். ஆனால் மறுபடி கையைவிட்டுத் துழாவவில்லை.

பிறகு அந்தத் தண்ணீர். தொட்டிக்கு அடியில் ஓட்டை இல்லை, பக்கத்தில் கிணறு இல்லை. ஆனால் காலையில் சேறு தெரிய வற்றிக் கிடக்கும்; துணி உலர்த்தப் போகும்போது விளிம்பு நனைந்திருக்கும். வெயில் குடிக்கிறது, செடி குடிக்கிறது, சரி. ஏறுவது எப்படி? வசந்தா ஊற்றுவது சாயங்காலம் ஒரே ஒரு செம்பு, அதுவும் எங்கள் கண் முன்னால்.

பக்கத்து வீட்டு வங்காளி அக்கா துணி காயப்போட எங்கள் கொடிக்குத்தான் வருவார். ஒருநாள் தொட்டியைப் பார்த்துவிட்டு, "யே கர் மே நஹி ரக்னா சாஹியே, தீதி" என்று மெல்லச் சொன்னார். இதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். அதற்குப் பிறகு துணியைத் தன் வீட்டு வராந்தாவிலேயே காயப்போட்டுக்கொண்டார்.

நான் விரலை நனைத்துப் பார்த்தது அந்த நாட்களில்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சண்முகத்திடம் மட்டும் சொன்னேன்.

"சேத்துலயே உப்பு இருக்கும்டி. அது கடல் சேறு."

"அப்ப ஏன் முகத்தை அப்படி வச்சிருக்கீங்க?"

எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் தாழிட்டார்.

இரண்டு பத்திரிகை

வைகாசி நெருங்க நெருங்கப் பரமக்குடியிலிருந்து போன் மேல் போன். வேறு பெண் பார்க்கட்டுமா என்று கேட்காத குறை. செல்வி போனில் சிரிப்பது நின்றுபோனது. ஃபீனிக்ஸ் பேயில் ஒரு ஃபெர்ரி ஆபீசில் அவளுக்கு வேலை. விடியற்காலையில் ஸ்கூட்டியில் போய்விட்டு, வந்ததும் கட்டிலில் சுருண்டுகொள்வாள்.

அப்போது சண்முகம் ஒரு யோசனையோடு வந்தார்.

"தோ கார்டு, ரெண்டா அடிப்போம். மெயின்லேண்டுக்குத் தமிழ்ல ஒண்ணு, தெய்வத்திருவோட. இங்க குடுக்க இந்தியில ஒண்ணு, சும்மா பேரு மட்டும். வசந்தா கையில தமிழ்க் கார்டைக் குடுத்தாக்கூட அவளுக்கு என்ன தெரியப்போகுது? நீ எழுதிக் குடு, நான் அடிக்கக் குடுத்துடுறேன்."

இந்தத் தீவில்தான் இப்படி ஒரு திருட்டுத்தனம் செய்ய முடியும். தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைத் தாய் கையில் வைத்துத் தடவிப் பார்ப்பாள். தன்னைத் தாலியறுத்தவளாக்கிய வார்த்தை அதில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"எழுதமாட்டேன்."

"செல்வி கல்யாணம் நின்னுபோகும், தெரியுதா?"

"தெரியுது. எழுதமாட்டேன். வேணும்னா நீங்க தமிழ் கத்துக்கிட்டு எழுதுங்க."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் சொல்லிவிட்டேனே ஒழிய, தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணின் வாழ்க்கை என் பேனாவில் தொங்குகிறது. கொல்லையில் அந்தச் செடி நாலாவது ஓலையை விட்டுக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கொதிக்கிற கஞ்சியை அதன் தலையில் ஊற்றிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பாத்திரத்தோடு தொட்டி வரைக்கும் போனேன். 'டக்' என்றது. திரும்பி வந்துவிட்டேன்.

கேன்

ஒருநாள் விடிகிற வேளையில் பால் வாங்க எழுந்தேன். எங்கள் ஊரில் சூரியன் சீக்கிரமே வந்துவிடும், வெளிச்சம் பரவிவிட்டது. கொல்லையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். கதவைத் திறந்தால் செல்வி. இரண்டு கையாலும் ஐந்து லிட்டர் கேனைச் சாய்த்துப் பிடித்துத் தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள். கேனின் கழுத்தில் ஒரு துண்டுக் கடற்பாசி ஒட்டியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, மனுஷ வேலைதான். அடுத்த நொடி கோபம் தலைக்கேறியது.

"ஏண்டி, உனக்குப் பைத்தியமா? இது நின்னா உன் கல்யாணம் நிக்கும்டி!"

அவள் பயப்படவில்லை. கேனைக் கீழே வைத்தாள்.

"சித்திரையில ஓலை மஞ்சளாச்சு அத்தை. அம்மா ராத்திரியெல்லாம் இங்க வந்து வந்து பாத்தாங்க. அப்பலேருந்துதான் கொண்டாறேன். எனக்கு அப்பா முகமே தெரியாது. போட்டோதான். ஆனா, என் கல்யாணத்துக்காக எங்க அப்பா சாகணுமா அத்தை?"

அப்போதுதான் உணர்ந்தேன், என் முதுகுக்குப் பின்னால் வசந்தா நிற்கிறாள்.

எவ்வளவு நேரமாக நின்றாளோ. மெல்ல இறங்கி வந்தாள். மகளின் கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கேனின் பிடி அழுத்தி அழுத்திச் சிவந்து தடித்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"தினமும் தூக்கினியா?"

செல்வி தலையாட்டினாள்.

அன்று காலை தன் அண்ணன் காப்பி குடிக்கும்போது வசந்தா வந்து நின்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"போடச் சொல்லுங்க அண்ணே. அவரு இருந்தா புள்ளையத் தண்ணி தூக்க விட்டிருப்பாரா?"

சண்முகம் டம்ளரை வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். நான் அழவில்லை. எனக்கு வேலை இருந்தது. காகிதத்தை எடுத்துப் பத்திரிகை வாசகத்தை எழுதினேன். டிக்கெட்டைக் கொடுத்த கைதான் அந்த வார்த்தையையும் எழுதியது.

வசந்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். "எது அண்ணி அந்த வார்த்தை?" என்றாள். காட்டினேன். விரலை அதன்மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு போனாள். "நீளமா இருக்கு" என்றாள்.

சிப்பிகாட்டில் தண்ணீர் ஓரமாகக் காரியம் செய்தோம். ஆனியில் கல்யாணம். சண்முகமும் நானும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தோம். பெற்றவள் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் இழுத்து வந்திருக்க வேண்டும். மணையைவிட்டு எழக் கூடாது என்று புரோகிதர் சொல்லிவிட்டார்.

செல்வி சென்னைக்குப் போனாள். அங்கே நன்றாக இருக்கிறாள்.

மழைக்குப் பிறகு

பிறகு மழை. எங்கள் மழையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். வானம் கிழிந்துவிட்டால் மாதக்கணக்கில் தைக்க ஆளில்லை. தொட்டி நாள் தவறாமல் நிரம்பி வழிந்தது. ஒரு செம்புத் தண்ணீர்கூட யாரும் ஊற்றவில்லை. வசந்தா அந்தப் பக்கமே போவதில்லை. செடி என்னவோ ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. வெட்டிப்போடச் சண்முகத்துக்கும் மனசில்லை, எனக்கும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. செல்வி சித்திரையிலிருந்துதான் கொண்டுவந்தேன் என்றாள். நான் விரலை நனைத்தது பங்குனியில். சேற்றின் உப்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சேற்றில் உப்பு இருந்தால் இத்தனை மழையும் அதைக் கழுவிக்கொண்டு போயிருக்க வேண்டும் அல்லவா?

ஐப்பசியில் மழை விட்ட ஒரு மத்தியானம் குனிந்து விரலை நனைத்தேன்.

உப்பு. முன்பைவிடக் கூடுதல்.

நிமிர்ந்தால், சமையலறை ஜன்னலில் வசந்தா. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டில்லாத முகம் இன்னும் எனக்குப் பழகவில்லை. வெளியே வந்து பக்கத்தில் நின்றாள்.

"நேத்து நானும் வாயில வச்சுப் பாத்தேன் அண்ணி."

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"நீங்களா உப்புத் தண்ணி ஊத்துறீங்க?"

அவள் குரல் கிசுகிசுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கண்கள்! இருபது வருஷமாகக் கப்பல் வந்து நிற்கிற துறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்கள். நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரியம் செய்தது, பொட்டை அழித்தது, தூணுக்குப் பின்னால் நின்றது எல்லாம் உயிரோடு இருப்பவருக்குச் செய்த பாதகமாகிவிடும். மறுபடி காத்திருக்கத் தொடங்குவாள். இந்த முறை சாகும்வரை.

"ஆமா, நான்தான். செல்வி போகும்போது சொல்லிட்டுப் போனா" என்றேன்.

"அப்படியா" என்றாள். நெடுமூச்சு விட்டாள். நிம்மதியா ஏமாற்றமா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உள்ளே போய் அரிசி களைந்தாள்.

சொல்லியாகிவிட்டது. இனி செய்தாக வேண்டும். மறுநாள் விடிந்ததும் செல்வியின் கேனை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் நடந்தேன். முழங்கால் வலிக்காரி நான். கடலில் மொண்டு, நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து மேடேறி வந்து சேர்ந்தபோது வெயில் வந்துவிட்டது. வசந்தா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கட்டும் என்றுதான் நானும் நேராகத் தொட்டிக்குப் போனேன்.

ராத்திரி மழை இல்லை. ஆனால் தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை ஏறி நின்றது. நான் கொண்டுவந்ததற்கு அதில் இடமே இல்லை.

வசந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள். மூடியைத் திருகி ஊற்றினேன். அத்தனையும் வழிந்து என் காலடியில் ஓடியது.